உச்சிமாகாளியின் கணக்கு

பொன்மலர் டீச்சருக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று.

இருபத்திரண்டு வருடம் கணிதம் நடத்திய பள்ளிக்கூடம் மூடப்பட்ட பிறகு, பொன்மலர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் மொழி ஒன்றைத் தானாகக் கற்றுக்கொண்டார். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மாடியறைக்கு வேலை கேட்டு வந்தார். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் செவிநூலகம் அங்கே இருந்தது. அதன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் இசக்கிராஜா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

முதல் நாள் பொன்மலர் அவரை "சார்" என்றார். அவர் "டீச்சர்" என்றார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

இசக்கிராஜாவின் திரை எப்போதும் அணைந்தே இருக்கும். ஒரு குரல் அவர் காதில் எல்லாவற்றையும் வாசிக்கும். அதன் வேகத்தில் பொன்மலருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. முறத்திலிருந்து அரிசி சரிவதுபோல் ஓர் ஓசை மட்டும் கேட்டது. அந்தச் சரிவின் நடுவே அவர் கையை உயர்த்தி, "நாப்பத்திரெண்டாவது வரியில ஒரு புள்ளி விட்டுப்போச்சு டீச்சர்" என்பார். பொன்மலர் போய்ப் பார்ப்பார். புள்ளி விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது மாதம் அவர் ஒரு வேலை சொன்னார்.

நூலகத்தில் நாலாயிரத்து நூறு பேருக்குக் கணக்கு இருந்தது. யார் உள்ளே வருகிறார்கள், எந்தப் புத்தகம் கேட்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் ஒரு பழைய சர்வர் நினைவில் வைத்திருந்தது. அடுத்த மாதக் கடைசியில் அதை நிறுத்திவிடப் போகிறார்கள். புதிது வேண்டும். அதற்கு முன்னால் பொன்மலர் தன் லேப்டாப்பிலேயே ஒரு சோதனை சர்வர் அமைத்து, தப்பையெல்லாம் அதில் செய்து பார்த்துவிட வேண்டும்.

"கணக்கு சர்வருக்கு ஒரே வேலைதான் டீச்சர்" என்றார் இசக்கிராஜா. "வாறவங்ககிட்ட நீங்க யாருன்னு கேக்கும். சொல்லுத பதிலை நம்பலாமான்னு பாக்கும்."

"எதை வச்சு நம்புறது சார்?"

"முதல்ல சர்வர் ஏறட்டும்."

சர்வரை ஏற்ற இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் அது ஓடியது. திறந்ததும் அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. பொன்மலர் கையை எடுத்துவிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். இதுக்குள்ள புதுசா ஒருத்தர் வரணும்னா, உள்ள இருக்கற ஒருத்தர் சேர்க்கணும். சரி. முதல் ஆளை யார் சேர்த்தது?"

இசக்கிராஜா யோசிக்கவில்லை. "கதவு மாட்டுற அன்னைக்கு ஆசாரி எந்தப் பக்கம் நிக்காரு?"

"ரெண்டு பக்கமும் நிப்பார்."

"வேலை முடிஞ்ச பொறவு?"

"வெளிய போயிருவார்."

"அப்போ அவர் கையில சாவி இருக்கலாமா?"

பொன்மலர் தன் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கினார். பிறகு, சர்வர் பிறக்கும்போதே கூட வந்த அந்த முதல் அட்மினை அழித்தார்.

அடுத்து, பழைய சர்வரில் இருக்கும் நாலாயிரத்து நூறு பேரையும் அப்படியே லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உண்மையான ஆட்கள் இருந்தால்தானே சோதனை சரியாக வரும்.

"சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவிய டீச்சர்?"

"பஸ்ல."

"நாலாயிரம் பேரையும் மடியில வச்சுக்கிட்டா?"

பொன்மலர் அந்த எண்ணத்தை விட்டார். ஐம்பது பொய் ஆட்களை உண்டாக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்களுக்கு எண்களே பெயர். ஐம்பது பேரும் சொன்னபடி வந்தார்கள், சொன்னபடி போனார்கள். ஒரு வாரம் அப்படியே நடந்தது.

ஒருநாள் மதியம் பொன்மலர் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தபோது, அவருடைய லேப்டாப் முன்னால் இசக்கிராஜா உட்கார்ந்திருந்தார். லேப்டாப் சத்தமாகச் சொன்னது: "வணக்கம், பொன்மலர்."

பொன்மலர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்படி சார்?"

"உங்க பழைய பள்ளிக்கூடத்துப் பேரு. பக்கத்துல நீங்க சேர்ந்த வருஷம். மூணாவது தடவையில திறந்துட்டு." அவர் எழுந்து நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்தார். "இப்போ அதுகிட்டப் போய் நான்தான் பொன்மலர்னு சொல்லிப் பாருங்க. ஏற்கெனவே ஒருத்தங்க வந்துட்டாங்களேன்னு அது நினைக்கும்."

பொன்மலருக்கு முகம் சுட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி எண்ணையும் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று மாற்றினார். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஓடிபி மட்டுமே வழி. பதிவு செய்த போன் கையில் இல்லாதவருக்கு வழியே கிடையாது. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துவிட்டு, இசக்கிராஜாவிடம் வந்தார்.

"இனிமே அந்தந்த ஆளைத் தவிர வேற யாரும் உள்ள வர முடியாது சார்."

இசக்கிராஜா "ம்" என்றார்.

*

புதிய சர்வருக்கு ஆட்களை மாற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓடிபி போகும். அதைத் திருப்பிச் சொன்னவர் மாறிவிடுவார். மாதத்தின் இருபத்துமூன்றாம் தேதிக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அறுபத்தொரு பேர் மட்டும் வரவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலை நூலகத்துப் போன் ஒலித்தது. பொன்மலர் எடுத்தார்.

"தாயி, நான் உச்சிமாகாளி பேசுறேன். விளாத்திகுளத்துப் பக்கம். எனக்குப் புஸ்தகம் ஓட மாட்டேங்குது. ஒம்பது மாசம் ஆச்சு."

பொன்மலர் பழைய சர்வரில் பார்த்தார். உச்சிமாகாளி இருந்தார். பதினோரு வருடம். முந்நூற்று நாற்பது புத்தகம். கேட்கும்போதே நிறுத்தி, தன் குரலில் பதிந்துவைத்த குறிப்புகள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஒன்பது மாதமாக ஒன்றுமில்லை.

"உங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்புறேன். அதைச் சொல்லுங்கம்மா."

"அந்த போனுதான் இல்லையே தாயி. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல எவனோ உருவிட்டான். சிம்மு அண்ணன் பேர்ல இருந்துச்சு. அண்ணன் திருப்பூர்ல இருக்கான். அவன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கறதுக்குள்ள நம்பர் போயிருச்சு. இப்பப் பேசுறது மதினி நம்பரு."

"பாஸ்வேர்டு?"

"அது ஆரம்பத்துல ஒருத்தர் போட்டுக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் யாரும் எங்கிட்ட அதைக் கேக்கவே இல்லை. போனே என்னை அடையாளம் கண்டுக்கிரும்."

மறுமுனையில் அந்தப் பெண் கேட்டார்: "மாசக் கடைசியில பழசையெல்லாம் அழிச்சிருவாகளாமே. நெசமா?"

"பழைய சர்வரை நிறுத்துறோம்மா."

"நான் பேசி வச்சதெல்லாம்?"

"என்ன பேசி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் பொன்மலர்.

"தெரியாத வார்த்தை. ஒரு புஸ்தகத்துல ஏதாச்சும் ஒண்ணு புரியலைன்னா அந்த இடத்துலயே நிறுத்திச் சொல்லி வச்சிருவேன். நங்கூரம்னா என்ன, பனிப்பாறைன்னா என்னன்னு. பின்னாடி வேற புஸ்தகத்துல பதில் வரும். அப்பப் போயி அழிப்பேன். ஆயிரத்துக்கு மேல மிச்சம் கிடக்கு."

பார்க்கிறேன் என்று சொல்லி பொன்மலர் போனை வைத்தார். பிறகு இசக்கிராஜாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"என்ன செய்யப் போறிய?"

"விதிப்படி பார்த்தா வழியில்லை சார். போன் இல்லாதவரை விடக்கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன்."

"இப்போ அந்த நம்பர் யார்கிட்ட இருக்கு?"

பொன்மலர் அதை யோசித்திருக்கவில்லை.

"சோதனை சர்வர்ல செஞ்சு பாருங்க" என்றார் இசக்கிராஜா. "அவங்க ஒருத்தரை மட்டும் அதுல வச்சுக்கிடுங்க. கேட்டுட்டு வச்சுக்கிடுங்க."

பொன்மலர் மதினி நம்பருக்குப் போன் செய்து கேட்டார். "எடுத்துக்கோங்க. பத்திரமா வச்சுக்கோங்க" என்றார் உச்சிமாகாளி. பொன்மலர் அந்த ஒரு கணக்கை மட்டும் தன் லேப்டாப்புக்குக் கொண்டுவந்தார். ஐம்பது பொய் ஆட்களுக்கு நடுவே ஐம்பத்தோராவதாக அது வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. "சார், அவங்க யாருன்னே இன்னும் தெரியலை. அதுக்குள்ள அவங்ககிட்டயே அனுமதி வாங்கியிருக்கேன்."

"ஆமா" என்றார் இசக்கிராஜா. "வாங்கும்போது நம்பித்தானே வாங்கினிய."

சோதனை சர்வரிலிருந்து உச்சிமாகாளியின் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பினார் பொன்மலர். உடனே அதே எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் லாரி என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"யாருங்க? நான் மாதையனுங்க. தர்மபுரி."

"ஒரு நூலகத்துல இருந்து பேசுறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர்…"

"ஓ, நீங்கதானுங்களா அது. இந்த மாசம் பூரா வந்துக்கிட்டே இருக்குதுங்க. இப்பக்கூட ஒண்ணு வந்துச்சு. எழுதிக்கோங்க. நாலு, எட்டு, எட்டு, சைபர், ரெண்டு, ஒண்ணு."

பொன்மலர் கேட்காமலே அவர் சொல்லிவிட்டார். பேசுவது யார், எதற்கு என்றுகூட விசாரிக்கவில்லை. பொன்மலர் அந்த ஆறு எண்களையும் அடித்தார்.

"வணக்கம், உச்சிமாகாளி" என்றது லேப்டாப்.

பொன்மலர் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளாத்திகுளத்துப் பெண் வாசலில் நிற்கிறார். தர்மபுரி லாரிக்காரரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறது கதவு. அந்தக் கதவைச் செய்தது தான்.

"அவங்ககிட்ட வேற என்ன இருக்கு?" என்று கேட்டார் இசக்கிராஜா.

ஊனமுற்றோர் அடையாள அட்டை இருந்தது. மதினி அதைப் படமெடுத்து அனுப்பினார். அதில் பெயர் உ. மாகாளி. பிறந்தது எழுபத்தொன்பதில். நூலகத்துக் கணக்கில் உச்சிமாகாளி, எண்பத்திரண்டு. அப்பா பெயரிலும் ஓர் எழுத்து வேறு.

"எதுவும் பொருந்தலை சார்."

"அட்டையில எழுதினது யாரு?"

"யாரோ ஒரு கிளார்க்."

"நம்ம கணக்குல எழுதினது?"

"நம்ம ஆளு யாரோ."

"அவங்க கையால எழுதினது ஒண்ணும் இல்லை, என்ன?"

பொன்மலர் திரையில் தேடினார். பெயர், வயது, ஊர், போன். எல்லாம் யாரோ ஒருவர் கேட்டு, இன்னொருவர் அடித்தது. "அவங்க கையால எதுவும் இல்லை சார்."

இசக்கிராஜா தன் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது இன்னும் அரிசியைச் சரித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் போவோம். லேப்டாப்பை எடுத்துக்கிடுங்க. சோதனை சர்வர் அதுல ஓடட்டும்."

"போன்லயே கேட்கலாமே சார்."

"பக்கத்துல யாரும் சொல்லிக் கொடுத்தா நமக்குத் தெரியாது. அவங்க கடைசியாக் கேட்ட புஸ்தகத்தோட பதிவையும் எடுத்துக்கிடுங்க. ஆனா ஒண்ணு. கணக்குல, நின்ன இடம்னு ஒண்ணு இருக்கும். அதை நீங்க இப்போ பாக்காதீங்க. நானும் பாக்க மாட்டேன்."

*

கோவில்பட்டி வரை ஒரு பஸ். அங்கிருந்து விளாத்திகுளத்துக்கு ஒன்று. பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. இசக்கிராஜா பொன்மலரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊர் வருவதற்கு முன்பே அவர் "வத்தல் கமறுது" என்றார். பொன்மலருக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. ஆட்டோ ஒரு திருப்பத்தில் திரும்பியதும் பொன்மலர் தும்மினார்.

தகரக் கொட்டகை. உள்ளே சிவப்பாக மிளகாய் வற்றல் குவிந்து கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கையைப் பார்க்கவில்லை. நெடிய உடம்பு, நரை கலந்த கூந்தல், மேலே ஒரு பழைய ஆண்பிள்ளைச் சட்டை. விரல்கள் போகும் வேகத்தில் காம்பு தனியாகவும் வற்றல் தனியாகவும் விழுந்துகொண்டே இருந்தன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

பொன்மலர் பெயரைச் சொன்னதும் அந்த விரல்கள் நின்றன.

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்தீக?"

"பக்கம்தான்" என்றார் இசக்கிராஜா, காலால் தரையைத் தடவியபடி. அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தார் உச்சிமாகாளி.

"தம்பி நீங்களும் எங்க சாதியா? கண்ணு தெரியாதா?"

"ஆமா அக்கா. பொறந்ததுல இருந்தே."

"அப்ப இந்தக் காட்டமெல்லாம் உங்களுக்கு ரொம்பத் தெரியுமே. அந்தப் பக்கமா வாங்க. காத்து வரும்."

மூவரும் கொட்டகையின் வடக்கு வாசலில், மற்ற பெண்களைவிட்டு விலகி உட்கார்ந்தார்கள். பொன்மலர் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். கண்ணில் நீர் வழிந்தது. சர்வரை ஓடவிட்டார். ஐம்பத்தொரு பேர் என்று காட்டியது. அவர்களில் ஒருவர் இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார், அல்லது உட்கார்ந்திருக்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி" என்றார் இசக்கிராஜா. "கடைசியா எதைக் கேட்டுக்கிட்டு இருந்திய?"

"கடலுக்கு அடியில இருக்கறதைப் பத்தி. ஒரு பொம்பளை வாசிக்கும். ஒம்பதாவது பாடம்."

"அதைச் சொல்லுங்க."

"பாடத்தையா?"

"எவ்வளவு தெரியுமோ அவ்வளவு."

உச்சிமாகாளி கையை முந்தானையில் துடைத்தார். மடியில் இருந்த வற்றலை ஓரமாகத் தள்ளினார். பொன்மலர் ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டு, ஒன்பதாம் பாடத்தின் முதல் நொடியில் தயாராக இருந்தார்.

"ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி ஒரு துளியும் இறங்குவதில்லை" என்று தொடங்கினார் உச்சிமாகாளி.

பேச்சே மாறிவிட்டது. தாயி, அம்புட்டு என்று பேசிய குரல் அது இல்லை. பொன்மலர் பதிவை ஓடவிட்டார். காதுக் கருவியில் ஒரு பெண் குரல் வாசித்தது. எதிரே இருந்த குரலும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே அடியில் கால் வைத்து நடந்தன.

"அங்கே வாழும் மீன்கள் தம் உடம்பிலேயே விளக்கு வைத்திருக்கின்றன. ஒன்று இரையைக் கூப்பிட விளக்கேற்றும். ஒன்று துணையைத் தேடி விளக்கேற்றும். மேலே பகல் என்று ஒன்று இருப்பதை அவை அறிய மாட்டா…"

பொன்மலர் பத்து வரி இருக்கும் என்று நினைத்தார். பத்து வரி போனது. இருபது போனது. வாசித்த பெண் ஓரிடத்தில் 'அழுத்தம்' என்பதை 'அழுக்கம்' என்று வாசித்துவிட்டு, திருத்தி மறுபடி வாசித்திருந்தாள். உச்சிமாகாளியும் "அழுக்கம், அழுத்தம்" என்றார். ஓரிடத்தில் பதிவில் தாள் புரளும் சத்தம். அங்கே உச்சிமாகாளி அதே அளவு மூச்சு விட்டார்.

பொன்மலரின் கைகளில் மயிர் சிலிர்த்தது. இருபத்திரண்டு வருடம் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவர். இது ஒப்பித்தல் இல்லை. இந்தப் பெண் எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தார். ஆயிரம் மீட்டர், இரண்டாயிரம் மீட்டர் என்று. முகத்தில் வியர்வை இல்லை. கொட்டகையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர்களும் இதைக் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"ஒரு திமிங்கிலம் இறந்தால் அதன் உடல் பல மணி நேரம் இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது தரை தொட்ட இடத்தில் ஓர் ஊர் உண்டாகும். முதலில் சுறாக்கள் வரும். பிறகு நண்டுகள். பிறகு பெயர் வைக்கப்படாதவை. பல பத்தாண்டுகள் அந்த ஊர் பிழைக்கும். கடைசியில் எலும்பு மட்டும் மிஞ்சும்போது, அந்த எலும்பைத் தேடி ஒரு புழு வரும். அதற்கு வாய் கிடையாது. வயிறும் கிடையாது. அது எலும்புக்குள் தன் வே"

உச்சிமாகாளி நிறுத்தினார்.

காதுக் கருவியில் அந்தப் பெண் குரல் மேலே போயிற்று. பொன்மலர் பதறிப்போய் அதை நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

"அம்புட்டுத்தான்."

"வே…"

"வே தான். அதுலதான் போன்ல சார்ஜ் தீந்துச்சு. வீட்டுக்குப் போயிப் போட்டுக் கேப்போம்னு நினைச்சேன். சாத்தூர் போக வேண்டியதாப் போச்சு. அன்னைக்குத்தான் போன் போனது." அவர் கொஞ்சம் சிரித்தார். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது தாயி. ஒம்பது மாசமா அந்த வே என்ன வேன்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். வேலா, வேலியா, வேட்டியா. புழுவுக்கு என்னத்துக்கு வேட்டி? புதுசாக் கேக்க ஒண்ணும் இல்லை. கேட்டதையே உதட்டுக்குள்ள சொல்லிக்கிட்டுக் காம்பு கிள்ளுவேன். ஒவ்வொரு தடவையும் அந்த வே கிட்ட வந்து நின்னுருவேன்."

"இப்போ பாருங்க டீச்சர்" என்றார் இசக்கிராஜா, மெதுவாக.

பொன்மலர் சர்வருக்குள் போனார். ஐம்பத்தோராவது கணக்கைத் திறந்தார். புத்தகம், கடல். பாடம், ஒன்பது. நின்ற இடம், பதினாலு நிமிடம் இருபத்திரண்டு நொடி. பதிவை அதற்கு ஐந்து நொடி முன்னால் கொண்டுபோய் வைத்து, விரலை அழுத்தினார்.

"…எலும்புக்குள் தன் வே"

இருபத்திரண்டாவது நொடி.

பொன்மலர் காதுக் கருவியைக் கழற்றித் தரையில் வைத்தார். எதிரே இருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அட்டையில் இல்லாதவர், போனில் இல்லாதவர், ஒன்பது மாதம் புத்தகமின்றி இருந்து, தான் அடைத்த எல்லாக் கதவுக்கும் வெளியே நின்றவர். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு அவரை அறிந்துகொள்ளலாம் என்றுதான் பொன்மலர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். தெரியாதது எங்கே தொடங்குகிறதோ, சரியாக அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று, பாளையங்கோட்டையில் ஓர் அலமாரிக்குள் ஓடும் இயந்திரம். இன்னொன்று, இந்தப் பெண்.

கண்ணில் வழிந்தது வற்றலின் காட்டமா என்று பொன்மலருக்குத் தெரியவில்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நம்பரை மாத்திருங்க டீச்சர்" என்றார் இசக்கிராஜா.

பொன்மலர் முதலில் லேப்டாப்பில் மாற்றிப் பார்த்தார். தப்பு வரவில்லை. பிறகு தன் போன் வழியாகப் பாளையங்கோட்டை சர்வருக்குள் நுழைந்து, தர்மபுரிக்காரரின் எண்ணை எடுத்துவிட்டு மதினியின் எண்ணைப் போட்டு, கணக்கைப் புதிய சர்வருக்கு மாற்றினார். முந்நூற்று நாற்பது புத்தகமும் வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் குறிப்பும் வந்தன. ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும்போல் இருந்தது. எண்ணாமலே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வந்துருச்சா தாயி?"

"வந்துருச்சும்மா. ஒண்ணும் போகலை."

உச்சிமாகாளி தலையாட்டினார். ஒரு வற்றலை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு அடுத்ததை எடுக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பொன்மலருக்குள் ஏதோ அடைபட்டுக் கிடந்தது திறந்துவிட்டது. இசக்கிராஜாவின் பக்கம் திரும்பி வேகவேகமாகப் பேசினார்.

"சார், இன்னும் அறுபது பேர் இருக்காங்க. மாசம் முடிய ஏழு நாள்தான். அவங்களுக்கும் இப்படியே கேட்கலாமா? நின்ன இடத்தை வச்சே கதவு திறக்கிற மாதிரி எழுத முடியுமா? எல்லாருக்கும் இவங்களை மாதிரி ஞாபகம் இருக்காதே. எத்தனை வரி சொன்னா போதும்னு வைக்கிறது? யாரும் கேட்டுச் சொல்லிட்டா? எனக்குப் பயமாவும் இருக்கு, ஆசையாவும் இருக்கு. இதை சர்வர்ல நான் எப்படி எழுதுறது சார்?"

இசக்கிராஜா தரையில் தடவினார். காதுக் கருவி கையில் தட்டுப்பட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த வற்றல் விதையை விரலால் தட்டிவிட்டு, பொன்மலரிடம் நீட்டினார்.

"முதல்ல அக்காவுக்கு அந்த வார்த்தையை முடிச்சுக் கொடுங்க டீச்சர்."